பலூனுக்குள் எந்த வாயு என்பதையும் கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சூரிய ஒளியில் ஒரு சிறு பங்கை வானத்திலேயே திருப்பி அனுப்பிப் பூமியின் சூட்டைத் தணிக்கப் பார்க்கும் புவிப்பொறியியல் முயற்சிகளைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். மேலே போய்க் கந்தக அமில நுண்துளிகளாகி ஒளியைத் திருப்பும் கந்தக டை ஆக்சைடைச் சுமந்து செல்லும் பலூன்களைக் குறிப்பிடும் இடத்தில், அவற்றில் "தீங்கற்ற ஹீலியம்" நிரப்பப்படுவதாக ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கட்டுரை அடுத்த செய்திக்குப் போய்விடுகிறது. கடலூரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில் அந்த ஒரு வரியைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. பலூனைத் தூக்கும் வாயு எது என்று கேட்டுக் கணக்குப் போட்டால், இந்தத் திட்டம் எந்த அளவுக்கு நடக்கக்கூடியது, அதற்கான விலையை யார் கொடுப்பார்கள், ஆபத்து யார் வாசலில் நிற்கும் என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். காற்றின் சராசரி மூலக்கூறு எடை ஏறத்தாழ 29, ஹைட்ரஜனுடையது 2, ஹீலியத்துடையது 4. ஹீலியம் இருமடங்கு கனமானது என்பதால் அது ஹைட்ரஜன் தூக்குவதில் பாதியைத்தான் தூக்கும் என்று ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் பலர் அடித்துச் சொல்வார்கள். ஆனால் பலூனைத் தூக்குவது உள்ளே இருக்கும் வாயு அன்று, அது விலக்கிய வெளிக்காற்று. ஆகவே 29இலிருந்து 2 போனால் 27, 29இலிருந்து 4 போனால் 25. இந்த 27க்கும் 25க்கும் உள்ள இடைவெளிதான் இரண்டு வாயுக்களுக்கும் உள்ள வேறுபாடு. நூற்றுக்கு எட்டு என்று வைத்துக்கொள்ளலாம். நம் ஊர் வெயிலில், 30 டிகிரி வெப்பத்தில், ஒரு கனமீட்டர் ஹைட்ரஜன் சுமார் 1 கிலோ 80 கிராமைத் தூக்கும். அதே அளவு ஹீலியம் சுமார் 1 கிலோவைத் தூக்கும். தூக்கும் திறனை மட்டும் பார்த்தால் இரண்டில் எதை எடுத்தாலும் பெரிய நட்டமில்லை என்று தோன்றும். சிக்கல் எல்லாம் வேறு இடங்களில் இருக்கிறது.

மற்ற வாயுக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மீத்தேன் 16, அம்மோனியா 17. இவை ஹைட்ரஜன் தூக்குவதில் பாதியையும் எட்டா. மீத்தேனோ கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வலிமையாக வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு. பூமியைக் குளிர்விக்கப் போகிறோம் என்று சொல்லி அதை மேலே கொண்டுபோய் அவிழ்த்துவிடுவதை யாரும் ஏற்கமாட்டார்கள். அம்மோனியா மேலே உருவாகும் கந்தக அமிலத்தோடு சேர்ந்து வேறு உப்பாகிவிடும். கீழே கசிந்தால் என்ன ஆகும் என்பதைத் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் கடலூர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கந்தகத்தையே இலேசான வடிவத்தில், அதாவது ஹைட்ரஜன் சல்பைடாக, அனுப்பலாம் என்ற யோசனையும் உண்டு. 32 பங்கு கந்தகத்தைக் கொண்டு செல்லக் கந்தக டை ஆக்சைடு 64 பங்கு எடை என்றால் ஹைட்ரஜன் சல்பைடு 34 பங்கு மட்டுமே. ஆனால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அந்த வாயு, செறிவு கூடினால் மூக்கின் மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிட்டு ஆளைக் கொல்லும். அதை உருளை உருளையாக ஓர் ஊருக்குள் கொண்டுவந்து பலூனில் நிரப்புவதற்கு மனசாட்சியுள்ள எவரும் கையெழுத்துப் போடமாட்டார்கள். ஆக, மிஞ்சுவது ஹீலியமும் ஹைட்ரஜனும்தான்.

பலூன் எவ்வளவு உயரம் போக வேண்டும் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். நம் பகுதியில் மழையும் மேகமும் உள்ள கீழடுக்கு ஏறத்தாழ 16, 17 கிலோமீட்டர் வரை நீள்கிறது. துருவத்தை ஒட்டிய நாடுகளில் இதில் பாதி தூரத்திலேயே அது முடிந்துவிடும். அதற்கு மேலே, ஸ்ட்ராட்டோஸ்பியர் எனப்படும் அடுக்கு மண்டலத்தில் கந்தகத்தை விட்டால்தான் அது மழையில் கரைந்து இறங்காமல் ஓரிரு ஆண்டுகள் நிற்கும். 20 கிலோமீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் தரையில் உள்ளதில் பதினெட்டில் ஒரு பங்குதான். குளிரால் சிறிது சுருங்குவதைக் கழித்தாலும், தரையில் ஒரு கனமீட்டராக இருந்த வாயு அங்கே பன்னிரண்டு, பதின்மூன்று கனமீட்டராக விரிந்துவிடும். அதனால்தான் இத்தகைய பலூன்களைத் தரையில் தொளதொளவென்று, பாதி வயிறு நிரம்பிய பிள்ளையைப் போல, இடம் விட்டு நிரப்புகிறார்கள். நொடிக்கு 5 மீட்டர் என்ற வழக்கமான வேகத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் அந்த உயரத்தை அடையும். பின்னர் ரப்பர் தாங்கும் எல்லை வரை விரிந்து கிழியும்.

இனி ஹீலியத்துக்கு வருகிறேன். 1991 ஜூன் மாதம் பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ எரிமலை வெடித்தபோது ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு கோடி டன் கந்தக டை ஆக்சைடு அடுக்கு மண்டலத்துக்குப் போனது; அடுத்த ஆண்டில் உலகின் சராசரி வெப்பம் அரை டிகிரி அளவுக்குக் குறைந்தது. அந்த அளவு வேண்டாம், ஆண்டுக்கு வெறும் 10 இலட்சம் டன் என்றே எடுத்துக்கொள்வோம். அந்தக் கந்தக டை ஆக்சைடு வாயுவாகவே பலூனுக்குள் இருந்தால், அது விலக்கும் காற்று அதன் எடையில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ளும். 64 பங்கில் 35 பங்கை மட்டும் தூக்கினால் போதும். இந்தச் சலுகையையும் கொடுத்து, பலூனுடைய சொந்த எடையையும் மேலேறத் தேவையான உபரி விசையையும் விட்டுவிட்டுக் கணக்கிட்டாலும், சுமார் 55 கோடி கனமீட்டர் ஹீலியம் தேவைப்படுகிறது. உலகம் முழுவதும் ஓர் ஆண்டில் பிரித்தெடுக்கப்படும் ஹீலியம் ஏறத்தாழ 17 கோடி கனமீட்டர்தான். அதாவது, பினாட்டுபோ மேலே அனுப்பிய கந்தக டை ஆக்சைடில் ஒரு சிறு பங்குக்கே உலகின் மொத்த உற்பத்தியைப் போல மூன்று மடங்கு வேண்டும், அதுவும் ஆண்டுதோறும்.

அந்த 17 கோடி கனமீட்டரும் சும்மா கிடப்பதில்லை. சென்ற ஆண்டு என் மனைவிக்கு முதுகுத்தண்டில் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கப் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் காத்திருந்தபோது, வெளியே பெஞ்சில் எங்களோடு திண்டிவனம், நெய்வேலி, சிதம்பரம் என்று பல ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கருவியின் காந்தச் சுருளைக் குளிர்ச்சியாக வைத்திருப்பது மைனஸ் 269 டிகிரியில் கொதிக்கும் திரவ ஹீலியம். பழைய வகைக் கருவிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட லிட்டர் இருக்கும். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் 700 லிட்டருக்கு மேல் வாயுவாகும். சிறிதளவு ஹீலியம் போதும் என்ற புதுவகைக் கருவிகள் வரத் தொடங்கிவிட்டன என்பது உண்மைதான். ஆனால் நம் மாவட்டங்களில் நோயாளிகள் வரிசையில் நிற்பது இன்னமும் பழைய கருவிகளின் முன்னால்தான். 2017இல் அண்டை நாடுகள் கத்தாரைத் தடை செய்தபோது அங்குள்ள ஹீலியம் ஆலைகள் நின்று, உலகெங்கும் ஆய்வகங்கள் தவித்தன. நம் நாடு தன் தேவைக்குப் பெரும்பாலும் இறக்குமதியையே நம்பியிருக்கிறது. மயிலாடுதுறை மாவட்டம் குத்தாலத்தில் கிடைக்கும் இயற்கை எரிவாயுவில் மிகச் சிறிதாகக் கலந்திருக்கும் ஹீலியத்தை நம் அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் முயன்று பிரித்தெடுத்துப் பார்த்தார்கள் என்றால், அந்த வாயுவின் அருமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்று பொருள்.

இது செய்து கொள்ளக்கூடிய வாயுவும் அன்று. பாறைக்குள் யுரேனியமும் தோரியமும் கோடிக்கணக்கான ஆண்டுகள் சிதைந்து சேர்த்து வைத்தது. ஒருமுறை காற்றில் கலந்தால் மீட்பது பெரும்பாடு, மேலே மேலே போய்க் கடைசியில் புவியின் பிடியிலிருந்தே நழுவிவிடும். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணத்தின்போது நம் கிழக்குக் கரையில், குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் கூடியிருந்த வானியலாளர்கள் சூரியனின் நிறமாலையை ஆராய்ந்ததிலிருந்து தொடங்குகிறது இந்தத் தனிமத்தின் வரலாறு. 1895இல்தான் பூமியில் அதைப் பிடிக்க முடிந்தது. நோயாளிக்கும் ஆய்வுக்கும் பயன்பட வேண்டிய இதை ஒருமுறை பயன்படும் ரப்பர் பைகளில் அடைத்து விண்ணுக்கு அனுப்புவதைத் தீங்கற்றது என்று எழுதுவது சரியல்ல. தீப்பிடிக்காது என்று எழுதலாம், அது வேறு.

ஹைட்ரஜன் அளவு பற்றிய கவலை இல்லாதது. அதே 10 இலட்சம் டன்னைத் தூக்க ஏறத்தாழ 40,000 டன் ஹைட்ரஜன் போதும்; உலகில் ஆண்டுதோறும் உற்பத்தியாவது 9 கோடி டன்னுக்கும் மேல். தண்ணீரை மின்னாற்பகுத்தும் செய்து கொள்ளலாம். ஆனால் அது மேலே போய் என்ன ஆகும் என்று கேட்க வேண்டியது நம் கடமை. ஹைட்ரஜன் அடுக்கு மண்டலத்தில் மெல்ல மெல்ல நீராவியாகும். ஒரு டன்னுக்கு ஒன்பது டன். அங்கே காற்று மிகவும் வறண்டது. கூடுதல் நீராவி வெப்பத்தைப் பிடிக்கும், ஓசோனையும் பாதிக்கும். 40,000 டன்னும் முழுதாக அங்கேயே நீராவியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டால் 3 இலட்சத்து 60 ஆயிரம் டன். 2022 ஜனவரியில் டோங்கா தீவுகளுக்கு அருகே கடலடியில் வெடித்த எரிமலை ஒரே நாளில் 15 கோடி டன் அளவுக்கு நீராவியை அங்கே ஏற்றியது. அதோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது என்று நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எரிமலை வெடித்து ஓய்ந்துவிடும். இந்தத் திட்டம் ஓயாது. தரையில் தயாரிக்கும்போதும் நிரப்பும்போதும் கசிவது வேறு; வளிமண்டலத்தில் மீத்தேனின் ஆயுளை நீட்டித்து, மறைமுகமாகச் சூட்டைக் கூட்டும் குணம் ஹைட்ரஜனுக்கு உண்டு.

இதைவிட எனக்கு நெருக்கமான கவலை தரையில் இருக்கிறது. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு முதல் 75 பங்கு வரை எந்த அளவில் கலந்தாலும் ஹைட்ரஜன் எரியும். நைலான் சட்டையைக் கழற்றும்போது பொறிக்கும் பொறியே அதற்குப் போதும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். தீர்த்தவாரிக் கூட்டத்தின் ஓரத்தில் ஒரு பலூன்காரர், துருவேறிய இரும்பு உருளையில் அலுமினியத் துண்டுகளையும் காஸ்டிக் சோடாவையும் போட்டுத் தண்ணீரை ஊற்றி மூடியைத் திருகிவிட்டு, உருளையின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டிருந்தார். அழுத்தமானி இல்லை, சூடு ஏறிவிட்டதா என்பதைச் சாக்கின் மேல் உள்ளங்கையை வைத்துத்தான் பார்த்தார். அவரிடம் வாங்கிய பலூனைப் பிடித்தபடி அப்பாவின் தோளில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். கற்பூரத் தட்டு அந்தப் பக்கம் நகர்ந்தது. பளீரென்ற சத்தம் மட்டும்தான் கேட்டது. அந்த வெயிலில் தீயைக் கண்ணால் கண்டவர்கள் எவரும் இல்லை. மயிர் கருகிய வாடை வந்த பிறகே பிள்ளையின் புருவம் பொசுங்கியிருப்பதைப் பார்த்தோம். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை, தெய்வாதீனம். அன்றைக்கும் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சொன்னது, "ஹீலியம் பலூன் வெடித்துவிட்டது" என்பதுதான். ஹீலியம் எரியாது என்று நான் சொன்னதைக் கேட்க அங்கே யாருக்கும் பொறுமையில்லை.

அந்தப் பலூன்காரரை நான் குறை சொல்லவில்லை. அன்றைய வயிற்றுப்பாட்டுக்கு அவருக்கு எட்டும் விலையில் கிடைத்தது அதுதான். 1937 மே 6 அன்று அமெரிக்காவில் லேக்ஹர்ஸ்ட்டில் எரிந்து 36 உயிர்களைக் கொண்டுபோன ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பலும் முதலில் ஹீலியத்துக்காகத் திட்டமிடப்பட்டதுதான். ஹீலியத்தைக் கையில் வைத்திருந்த அமெரிக்கா அதை வெளிநாட்டுக்கு விற்க மறுத்ததால் ஹைட்ரஜனை நிரப்பினார்கள். கிடைக்காத வாயுவுக்குப் பதிலாகக் கிடைத்த வாயுவைப் போடுவது என்ற பழக்கம் எங்கள் கடற்கரைக்கும் அந்தக் கப்பலுக்கும் ஒன்றே.

ஹைட்ரஜனைக் கண்டு அஞ்சி ஓடவேண்டும் என்பது என் வாதம் அன்று. ஐதராபாத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் தளத்தில் பிரம்மாண்டமான ஆய்வுப் பலூன்களை ஹைட்ரஜனைக் கொண்டே பல பத்தாண்டுகளாகப் பறக்கவிட்டு வருகிறார்கள். நமக்குப் பக்கத்தில் காரைக்காலிலும் சென்னையிலும் வானிலைத் துறை மேல்காற்றை அளக்கப் பலூன்களை அனுப்புகிறது. ஒருமுறை மாணவர்களை விடியற்காலையில் அப்படி ஒரு நிலையத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். நிரப்பும் அறையில் பருத்திச் சட்டை அணிந்த இருவர் மட்டும். எங்கள் கைப்பேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். குழாய்க்கும் தரைக்கும் செம்புக் கம்பி இணைப்பு. பலூனின் கழுத்தில் தொங்கவிட்ட எடைக்கல் மேசையை விட்டு மெல்ல எழும் வரை நிதானமாக நிரப்பிவிட்டு, அந்தக் கணத்தில் வால்வை மூடினார்கள். தானே புயலும் ஃபெஞ்சலும் எங்கள் கரையைத் தாக்குவதற்கு முன் மேல்காற்றின் போக்கைக் கணித்துச் சொல்ல முடிந்ததில் இத்தகைய பலூன்களுக்கும் பங்கு உண்டு. ஆக, வாயு ஒன்றுதான். அறையும் ஆளும் பழக்கமும் வேறு.

என் அச்சம் எல்லாம், சூரிய ஒளியை மட்டுப்படுத்தும் பலூன்கள் அந்த அறையில் நிரப்பப்படுமா, கடற்கரையில் சாக்குப் போர்த்திய உருளையில் நிரப்பப்படுமா என்பதுதான். பெரிய அளவில் செய்வதற்கு உயரப் பறக்கும் தனி வகை விமானங்களே ஏற்றவை என்று இத்துறையில் பலர் கணக்கிட்டிருக்கிறார்கள். பலூனின் கவர்ச்சி, கையில் கொஞ்சம் பணமுள்ள எவரும் யாரையும் கேட்காமல் விட்டுவிடலாம் என்பதில் இருக்கிறது. 2022இல் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு சிறு நிறுவனம் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் கந்தக டை ஆக்சைடு அடைத்த பலூன்களை அப்படித்தான் விட்டது. 2023 ஜனவரியில் மெக்சிகோ அரசு இத்தகைய சோதனைகளைத் தடை செய்யப்போவதாக அறிவித்தது. முறைப்படி செய்ய நினைத்த ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஸ்வீடனில் கிருனா நகரருகே 2021இல் கருவியைச் சோதித்துப் பார்க்க மட்டும் ஒரு பலூனை விட முயன்றபோது, அங்குள்ள சாமி பழங்குடி மக்கள் தங்களைக் கேட்கவில்லையே என்று எதிர்த்ததால் அது நிறுத்தப்பட்டது. 2024இல் திட்டமே கைவிடப்பட்டது. கிருனா மக்களுக்கு இருந்த உரிமை தேவனாம்பட்டினத்து மீனவருக்கும் புதுச்சேரி வைத்திக்குப்பத்து மீனவருக்கும் இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையை நம்பி ஏரியையும் வாய்க்காலையும் பார்த்துக் காத்திருக்கும் ஊர் இது. வானத்தில் செய்யும் மாற்றம் அந்த மழையை எப்படித் தொடும் என்று கேட்கும் உரிமையும் அதோடு சேர்ந்ததே.

கிழிந்த ரப்பரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பலூனுக்கு ஒரு கிலோ வீதம் என்றால் 10 இலட்சம் டன்னுக்கு 100 கோடி பலூன்கள். அவை எங்கோ விழத்தான் வேண்டும். தை, மாசி மாதங்களில் எங்கள் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. நீரில் மிதக்கும் மெல்லிய ரப்பர்த் துணுக்கைச் சொறிமீன் என்று நினைத்து ஆமை விழுங்கும்; உள்ளே ஹீலியம் இருந்ததா ஹைட்ரஜன் இருந்ததா என்பது அதற்கு ஒன்றுதான்.

தங்கள் நாளிதழிடம் இரண்டு வேண்டுகோள்கள். திருவிழாக்களில் பலூன் உருளை வெடிக்கும்போது, காவல் நிலையத்தில் சொல்வதை அப்படியே "ஹீலியம் சிலிண்டர்" என்று எழுதாமல், உள்ளே இருந்தது எந்த வாயு, அது நிரப்பி வாங்கப்பட்டதா அங்கேயே தயாரிக்கப்பட்டதா என்று செய்தியாளர் கேட்டு எழுதட்டும். அழுத்தம் தாங்காமல் ஹீலிய உருளையும் வெடித்து ஆளைக் கொல்லலாம். ஆனால் அதைத் தடுக்கும் வழி வேறு, காஸ்டிக் சோடா உருளையைத் தடுக்கும் வழி வேறு. இரண்டாவதாக, புவிப்பொறியியல் பற்றிய கட்டுரையின் அடுத்த பகுதி வெளிவருமானால், இத்தகைய முயற்சியில் இருப்பவர்களிடம் எந்த வாயு, எத்தனை கனமீட்டர், நிரப்பும் இடமும் ஆளும் யார் பொறுப்பு, ரப்பர் விழும் கடல் யாருடையது என்ற நான்கையும் கேட்டு, அவர்கள் தரும் பதிலை அப்படியே வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தேவனாம்பட்டினம், கடலூர்.